மாலை கழற்றிய மறுநாள்

சைவ சமயம் பஞ்சமா பாதகங்களுள் ஒன்றாகக் கள்ளுண்ணலை வைத்திருக்கின்றது. கொலை, களவு ஆகியவற்றோடு அது ஒரே வரிசையில் நிற்கின்றது. ஆதலால் குடிப்பவரைப் பாவி என்று எண்ணுவது அடியார்களுக்கு எளிதாகிவிடுகின்றது. வைத்தியர்களோ அவரை நோயாளி என்கின்றனர். பாவத்திற்குப் பரிகாரம் ஆலயத்தில். நோய்க்குப் பரிகாரம் வைத்தியசாலையில். இவ்விரு சொற்களுக்கும் நடுவில் நின்றுகொண்டு, கணவனை எங்கே அழைத்துப் போவது, மகனை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று தவிக்கும் வீடுகள் குண்டசாலையிலும் உண்டு. மெனிக்ஹின்ன, திகன பக்கங்களிலும் உண்டு. பணத்தையும் தூரத்தையும் பற்றிய கேள்வி போல இது தோன்றும். உண்மையில் இது அறம் சார்ந்த கேள்வியுமாகும்.

கார்த்திகை பிறந்ததும் ஐயப்ப பக்தர்கள் மாலை அணிகின்றனர். அம்மன் ஆலயங்களில் திருவிழாவுக்குக் காப்புக் கட்டுகின்றனர். ஆண்டு முழுவதும் சாராயத்தை விடாதவர் கூட விரத காலத்தில் ஒரு துளி தொடுவதில்லை. இதைக் கண்ட வீட்டார் இரண்டு முடிவுகளில் ஒன்றுக்கு வருகின்றனர். "விட முடிந்தவர்தானே, மற்ற நாட்களில் வேண்டுமென்றே குடிக்கின்றார்" என்பது ஒன்று. "சன்னிதியில் சத்தியம் பண்ண வைத்தால் போதும், மருந்து எதற்கு" என்பது மற்றொன்று. இரண்டும் பிழை.

அந்த நாற்பத்தொரு நாளும் அவரைச் சுற்றி நடப்பதைக் கவனித்தால் காரணம் விளங்கும். விடியுமுன் குளிக்கின்றார். உடுத்திருக்கும் கறுப்பு வேட்டியே அவர் யாரென்று ஊருக்குச் சொல்கின்றது. நேற்றுவரை பட்டப்பெயர் வைத்து அழைத்தவர்கள் இன்று "சாமி" என்கின்றனர். பொழுது சாய்ந்ததும் தவறணைப் பக்கம் கால் போக நேரமில்லை, பஜனை இருக்கின்றது. ஒரு நாள் வராவிட்டால் குருசாமி விசாரிக்கின்றார். கையில் வரும் பணம் யாத்திரைச் செலவுக்கென்று சேர்கின்றது. கூடிக் குடித்த கூட்டாளிகளே "சாமிக்கு ஊற்றாதே" என்று தடுக்கின்றனர். ஆக, அவர் தமது மனவலிமையால் மட்டும் நிற்கவில்லை. ஊரே தன் மனவலிமையை அவருக்குக் கடனாகக் கொடுத்திருக்கின்றது. மாலை கழற்றிய மறுநாள் அந்தக் கடன் முழுவதும் ஒரேயடியாகத் திருப்பி வாங்கப்படுகின்றது. சாமி மறுபடியும் பட்டப்பெயருக்கு இறங்குகின்றார்.

பேர்போன சிகிச்சை முறைகள் பலவும் செய்ய முயல்வது, அந்த நாற்பத்தொரு நாளை அடுத்த நாளுக்கும் அதற்கடுத்த நாளுக்கும் நீட்டுவதையேயாகும். 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில், தாமே குடிநோயில் நொந்துபோன பங்குத் தரகர் ஒருவரும் வைத்தியர் ஒருவரும் தொடங்கிய இயக்கம் இன்று உலகெங்கும் பரவியுள்ளது. அங்கே மருந்தில்லை, கட்டணமில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வதும், தம்மினும் உயர்ந்த சக்தியொன்றிடம் தம்மை ஒப்படைப்பதுமே வழி. ஆலயத்தில் கூட்டுப் பிரார்த்தனை செய்து பழகியவர்களுக்கு இது புதிதன்று.

எனினும், விரதத்தை நம்பி எவரும் ஒரே நாளில் நிறுத்திவிடலாம் என்று நினைத்தல் ஆகாது. இது உயிர் சம்பந்தப்பட்ட விடயம். பல ஆண்டுகளாக நாள்தோறும் நிறையக் குடித்து, காலையில் குடித்தால்தான் கைநடுக்கம் நிற்கும் என்ற நிலைக்கு வந்துவிட்டவர் திடீரென்று நிறுத்தினால் உடல் தாங்காது. முதல் நாளே வியர்வை, நடுக்கம், தூக்கமின்மை தொடங்கும். முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம், மூன்றாம், நான்காம் நாட்களில் சிலருக்குப் புத்தி பேதலித்து, இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும். காப்புக் கட்டியவர் இப்படிப் பிதற்றினால் அம்மன் குற்றம் என்றோ, பேய்க் கோளாறு என்றோ எண்ணி விபூதி போட்டுப் படுக்க வைப்பவர்கள் உண்டு. விபூதி போடட்டும், போட்டுக்கொண்டே வாகனத்தில் ஏற்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். கவனியாது விட்டால் மரணம் நேரலாம். சில நாட்களுக்கு அளவு குறைத்துக் கொடுக்கப்படும் மாத்திரைகளும் விற்றமின் பி1 ஊசியும் இந்த ஆபத்தைப் பெரும்பாலும் கடக்க வைக்கின்றன. ஆகவே, இத்தகையவர் விரதம் பிடிக்க விரும்பினால், காப்புக் கட்டுவதற்குச் சில வாரங்கள் முன்னதாகவே வைத்தியரைக் கண்டுவிடுவது நல்லது.

திருக்குறளில் கள்ளுண்ணாமை 93ஆம் அதிகாரம். மருந்து 95ஆம் அதிகாரம். கள்ளைக் கடிந்த அதே புலவர், மருத்துவத்திற்கு நான்கு உறுப்புகளைச் சொன்னார்: நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து கொடுப்பவன். நால்வகையில் முதலிடம் நோயுற்றவனுக்கு என்பது கவனிக்கத்தக்கது. இக்காலத்தில் சிகிச்சையைத் தெரிவு செய்யும் குடும்பங்கள் பலவும் மற்ற மூன்றையும் விசாரித்துவிட்டு, முதலாமவரிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

இதற்கு நல்ல உதாரணம், குடிப்பவருக்குத் தெரியாமல் சோற்றிலோ தேநீரிலோ கலந்து கொடுக்கும் மருந்து. இப்படியான விளம்பரங்களைக் காணாதவர் குறைவு. சிலவற்றில் என்ன கலந்திருக்கின்றது என்பது விற்பவருக்கே வெளிச்சம். டைசல்பிராம் என்ற மாத்திரை உண்மையான மருந்து. 1940களின் இறுதியில் டென்மார்க் நாட்டு ஆய்வாளர்கள் அதனைக் குடிநோய்க்குப் பயன்படுத்தத் தொடங்கினர். அதை உட்கொண்டவர் மது அருந்தினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து அவதிப்படுவார். இருதய நோயாளியாயின் உயிரே போகலாம். தமக்கு மருந்து தரப்பட்டிருப்பதை அறியாத மனிதர் கல்யாண வீடொன்றில் போத்தலைத் திறந்தால் என்னவாகும்?

இதே மாத்திரையை வைத்தியரின் மேற்பார்வையில், கணவரின் சம்மதத்தோடு, காலைதோறும் மனைவி கையில் கொடுக்க, அவர் அவளுக்கு முன்னாலேயே விழுங்கும் முறையும் உண்டு. பலருக்கு அது பயன் தந்துள்ளது. மாத்திரை ஒன்று, செயல் இரண்டு. ஒன்றில் அவர் நாள்தோறும் "இன்று குடிக்க மாட்டேன்" என்று தாமே முடிவெடுக்கின்றார். மற்றதில், எல்லாவற்றையும் இழந்தவருக்கு மிச்சமிருந்த ஒரே நம்பிக்கையான வீட்டுச் சோறும் பறிபோகின்றது. வஞ்சனை வெளிப்பட்ட நாள் முதல் அவர் அந்த வீட்டில் தண்ணீர் கூட வாங்கிக் குடிக்கமாட்டார். மனைவியின் கண்ணீரை அறிந்தவர்கள் அவளைக் குறை சொல்லத் தயங்குவார்கள். ஆனாலும் அந்த வழி சரியானதன்று.

பலாத்காரம் செய்தல் முறையா என்பது இதைவிடக் கடினமான கேள்வி. ஹெரோயினும் ஐஸும் பிடித்த இளைஞன் சம்மதிக்கும் வரை காத்திருந்தால் வீட்டில் ஒரு பொருளும் மிஞ்சாது என்று பெற்றோர் சொல்வதில் நியாயமுண்டு. 2014இல் கண்டி போகம்பறையிலிருந்து பல்லேகலைக்குச் சிறைச்சாலை இடம்மாறியது. அங்கே சிலகாலம் இருந்தால் திருந்திவிடுவான் என்று மகனைப் பொலிசில் பிடித்துக் கொடுக்க நினைக்கும் தகப்பனாரும் உண்டு. 2007ஆம் ஆண்டின் 54ஆம் இலக்கச் சட்டம் வேறொரு வழியைத் திறந்தது. போதைப்பொருளில் தங்கிவாழ்பவர் எனச் சந்தேகிக்கப்படுபவர் நீதவான் முன் கொண்டுவரப்பட்டு, வைத்திய அறிக்கையின் பின் கட்டாய சிகிச்சைக்கு அனுப்பப்படலாம். தாமாக வருபவர்களுக்கும் அச்சட்டத்தில் இடமுண்டு.

கட்டாயப்படுத்தி அனுப்பப்படும் இடங்கள் எல்லாம் சிகிச்சை தரும் இடங்களாக இருந்துவிடுவதில்லை. பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தக்காடு புனர்வாழ்வு நிலையத்தில் 2022 ஜூன் இறுதியில் ஒருவர் உயிரிழந்ததை அடுத்துக் கலவரம் மூண்டு, நூற்றுக்கணக்கானோர் வெளியே ஓடினர். பாதுகாப்புப் படையினர் சிலர் கைது செய்யப்பட்டனர். தமிழகத்தின் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6ஆம் திகதி தனியார் மனநலக் காப்பகமொன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் மாண்டனர். அவர்களைக் கொண்டுவந்து விட்டவர்களும் பெற்ற தாய், உடன்பிறந்தோர்தாம். குணமாகட்டும் என்று விட்டவர்கள்தாம். உயிராபத்து நெருங்கும் வேளையில் ஒருவரைத் தடுத்து நிறுத்தலாம். கையைப் பிடித்து இழுத்தும் போகலாம். அடிப்பதற்கும் கட்டிப்போடுவதற்கும் சம்மதம் கொடுக்கும் உரிமை எந்த உறவுக்கும் இல்லை. கட்டணம் எவ்வளவு என்று கேட்குமுன், வைத்தியர் வருகின்றாரா, அனுமதிப்பத்திரம் உண்டா, வீட்டார் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமா என்று கேட்க வேண்டும். மூன்றாவது கேள்விக்கு மழுப்பினால் அங்கே விடக்கூடாது.

குடும்பங்களைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் அறியாமையன்று; மானம். கண்டி தேசிய வைத்தியசாலையிலும் பேராதனை போதனா வைத்தியசாலையிலும் உளநலப் பிரிவுகள் உண்டு. கட்டணமில்லை. 1984இல் அமைக்கப்பட்ட தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை, கண்டி உட்படச் சில இடங்களில் தங்கிச் சிகிச்சை பெறும் நிலையங்களை நடத்தி வந்திருக்கின்றது. இத்தனை அருகில் இருந்தும், "பைத்தியக்கார வார்ட்டு" என்ற பெயருக்கு அஞ்சி, கடன்பட்டுத் தூர இடங்களுக்குக் கொண்டுபோகின்றனர். அவர் குடிப்பது ஊருக்கே தெரியும்; சிகிச்சை பெறுவது மட்டும் தெரியக்கூடாதாம். தூரத்தில் மூன்று மாதம் இருந்து திரும்புபவரைத் தொடர்ந்து பார்க்க யாருமில்லை. அவரும் மாலை கழற்றியவரைப் போலவே ஒரே நாளில் எல்லாத் துணையையும் இழந்து வந்து இறங்குகின்றார்.

கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் என்ற அம்மையார் 1980இல் சென்னையில் ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார். அந்த நிலையத்தார் பின்னர் மஞ்சக்குடி போன்ற சோழநாட்டுக் கிராமங்களுக்கே சென்று முகாம் நடத்தினர். இடத்தையும் உணவையும் ஊரார் கொடுத்தனர். வைத்தியரும் தாதியரும் வந்து தங்கினர். மனைவிமாருக்கும் ஆலோசனை வழங்கப்பட்டது. முகாம் முடிந்த பின்னும் தொடர்ந்து வந்து பார்த்தனர். ஊரறியச் சிகிச்சை பெற்றவரை ஊர் மறுபடியும் குடிக்க அழைப்பது சிரமம். அன்னதான மண்டபம் உள்ள எந்த ஆலயத்துக்கும் இது எட்டாத காரியமன்று. ஆனால் வைத்தியர் இல்லாமல் இதனைத் தொடங்கக் கூடாது.

அருகிருந்து கொடுப்பவரைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். பொறுமை புண்ணியம் என்று சொல்லி, அடிவாங்கும் மனைவியை அந்த வீட்டிலேயே இருக்கச் சொல்வது பக்தியாகாது. பிள்ளைகளோடு தாய்வீடு போயிருந்தும் கணவனின் சிகிச்சைக்குத் துணைநிற்கலாம். பெண்களுக்கான உதவிக்கு 1938, உளநல ஆலோசனைக்கு 1926 என்ற அரச தொலைபேசி இலக்கங்கள் உள்ளன.

சிகிச்சை முடிந்து வந்தவர் மறுபடி தொடுவது அடிக்கடி நடப்பதே. அன்று வீட்டில் எழும் சொல், "செலவழித்ததெல்லாம் வீண்" என்பதாகும். நீரிழிவுக்காரர் ஒரு நாள் பாயசம் குடித்துச் சீனி ஏறினால் அப்படிச் சொல்வதில்லை, கிளினிக்குக்கு அனுப்புகின்றனர். ஹெரோயினை நிறுத்தியிருந்தவர் விடயத்தில் இன்னும் அவதானம் தேவை. நிறுத்தியிருந்த காலத்தில் உடலின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும். பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடும். ஏச்சுக்குப் பயந்து தனியறையில் கதவைப் பூட்டிக்கொண்டு எடுப்பவரைக் காப்பாற்ற எவரும் இருக்கமாட்டார். ஆகவே திரும்பி வந்த நாளிலேயே, "தவறினால் எங்களிடம் சொல்லு, கதவைப் பூட்டாதே" என்று சொல்லிவைப்பது நல்லது. கிளினிக் கொப்பியைப் பத்திரமாக வைத்திருந்தால், அடுத்த நாள் காலையில் கண்டிக்குப் போகும் பஸ்ஸில் யாராவது ஒருவர் கூடப் போகலாம்.