கார்க் கண்ணாடி இறங்கும் நேரம்

கிழக்கு லண்டனில் குட்மேய்ஸுக்கு அடுத்த ரயில் நிலையம் சாட்வெல் ஹீத். வெஸ்ட் ஹாம் யுனைடெட் கால்பந்துக் கழகத்தின் முதல் அணி பல பத்தாண்டுகள் அங்கேதான் பயிற்சி எடுத்தது. 2016இல் ரம்ஃபோர்டு பக்கம் ரஷ் கிரீனுக்கு மாறியது.

பள்ளி விடுமுறை வந்தால், பயிற்சித் திடலின் வாயிலில் வீரர்களின் கையெழுத்துக்காக நோட்டும் பேனாவுமாகப் பிள்ளைகள் காத்திருப்பார்கள். டிக்கெட் தேவையில்லை. வெளியே வரும் வீரரின் கார் வேகம் குறைந்து கண்ணாடி இறங்கிவிட்டால் அன்றைக்குத் திருவிழாதான்!

இந்தக் கழகத்துக்கு ஒரு பழைய பெருமை உண்டு. 1966இல் இங்கிலாந்து உலகக் கோப்பையை வென்றபோது அணித் தலைவராக இருந்த பாபி மூர், பக்கத்து ஊரான பார்க்கிங்கில் பிறந்தவர். அந்த இறுதி ஆட்டத்தில் இங்கிலாந்தின் நான்கு கோல்களையும் அடித்த ஜெஃப் ஹர்ஸ்ட், மார்ட்டின் பீட்டர்ஸ் இருவரும் அவரோடு வெஸ்ட் ஹாமில் ஆடியவர்களே. அந்தப் பெருமை இன்று ஈஸ்ட் ஹாம், இல்ஃபோர்டு தமிழ்ப் பிள்ளைகளுக்கும் உரியது.

“பேர் என்ன?” என்று வீரர் கேட்டு, குழந்தையின் பெயரோடு போடும் கையெழுத்துக்கு, அதை விற்கும் சந்தையில் பொதுவாக விலை குறைவு. ஆனாலும் கேட்டு வாங்க வேண்டியது அதைத்தான். பெயரை முன்கூட்டியே ஒரு தாளில் தெளிவாக எழுதி நீட்டினால், நீளமான தமிழ்ப் பெயரும் பிழையில்லாமல் ஏறும்.