களையெடுப்பும் கொல்லாமையும்

உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்த தொல்காப்பிய மரபியல், புல்லையும் மரத்தையும் தொடுவுணர்வு மட்டுமே உடைய ஓரறிவுயிர்களாகக் கொண்டது; சமணமும் தாவரங்களை ஒரே பொறியுடைய உயிர்களாகவே கருதுகிறது. இவ்வகுப்பை ஏற்பவர் தம் வீட்டுத் தோட்டத்தில் களை பறிப்பது கொலையாகுமா என்ற வினா, வீண் வாதம் போலத் தோன்றினாலும், கொல்லாமையை அறங்களுள் தலையாயதாகக் கொண்ட மரபுகளால் தவிர்க்க இயலாதது. கொல்லாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த திருக்குறளே, கொடியவர்களை மன்னன் ஒறுப்பதைப் பயிரிடையே களையெடுப்பதற்கு ஒப்பிடுகிறது. உவமையாக எடுத்தாளப்படுவது ஐயத்துக்கு இடமில்லாததாக இருக்க வேண்டும் ஆதலால், வள்ளுவர் களையெடுப்பைக் குற்றமாக எண்ணவில்லை என்று கொள்ளலாம். பௌத்த விநயம் செடிகொடிகளை அழிப்பதைப் பிக்குவுக்குக் குற்றமாக்கியது. இல்லறத்தாருக்கு அவ்விதி இல்லை.

இவ்வினாவை நுணுகி ஆராய்ந்தது சமணமே. துறவி ஏற்கும் முழு நோன்பாகிய மகாவிரதத்திலிருந்து இல்லறத்தாரின் அணுவிரதத்தை, அதாவது அளவுபட்ட நோன்பை, அது பிரித்தது. இல்லறத்தார் அசையும் உயிர்களைக் கருதிக் கொல்லலாகாது, நிலைத்து நிற்கும் தாவர உயிர்களுக்கோ தேவையின்றி ஊறு செய்யலாகாது. ஆயினும் களையெடுப்புக்கு இதனினும் பொருத்தமான அளவுகோல் உமாசுவாதியின் தத்துவார்த்த சூத்திரத்தில் கிடைக்கிறது. பிரமாதம் எனப்படும் கவனக்குறைவோடு கூடிய செயலால் உயிரைப் போக்குவதே இம்சை என்று அந்நூல் வரையறுக்கிறது. அப்படியாயின், தோட்டக்காரரின் அறம் பறிப்பதா விடுவதா என்பதில் மட்டுமன்றி, அறிந்து பறிக்கிறாரா, காலத்தில் பறிக்கிறாரா என்பதிலும் அடங்கியுள்ளது.

பார்த்தீனியத்தை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். அமெரிக்க வெப்பமண்டலத்தைச் சேர்ந்த இச்செடி 1950களில் புனேயில் கண்டறியப்பட்டு, பின்னர் நாடெங்கும் பரவியது. இதிலுள்ள பார்த்தெனின் என்னும் நச்சுப்பொருள் தோல் அழற்சியை உண்டாக்குகிறது; இதன் மகரந்தம் ஒவ்வாமையையும் மூச்சிரைப்பையும் தூண்டுகிறது. முளைத்து ஒரு மாத அளவிலேயே பூக்கத் தொடங்கும் ஒரு செடி பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விதைகளைத் தரவல்லது. எனவே இளஞ்செடியை இரக்கத்தின் பெயரால் விட்டுவைப்பவர், பின்னர் ஆயிரக்கணக்கான நாற்றுகளைப் பிடுங்க வேண்டியவராகிறார். இரக்கம் போலத் தோன்றும் இத்தாமதத்தைச் சமண வரையறைப்படி பிரமாதம் என்றே சொல்ல வேண்டும். அடையாளம் அறியாமல் பறிப்பதும் அத்தகையதே. கேரட் இலைபோல் ஆழமாகப் பிளவுபட்ட இலைகள் தரையோடு படிந்து வட்டமாக விரிவதும், பின்னர் எழும் கிளைத்த தண்டின் நுனியில் சிறு வெண்பூக்கள் தோன்றுவதும் பார்த்தீனியத்தின் அடையாளங்கள். இவற்றை நோக்காது கண்ணில் பட்டதையெல்லாம் பிடுங்குபவர் கையில் கீழாநெல்லியும் குப்பைமேனியும் சேர்ந்தே மடிகின்றன.

கூலியாளைக் கொண்டு பறிப்பித்துவிட்டால் பழி நீங்கும் என்று கருதவும் இடமில்லை. செய்தல், செய்வித்தல், உடன்படுதல் ஆகிய மூன்றையும் சமணம் வினையாகவே எண்ணுகிறது. 1984இல் பெங்களூருப் பகுதியில் பார்த்தீனியத்தை உண்ணவென்றே விடப்பட்ட மெக்சிகோ வண்டும் நுட்பமான ஒரு செய்வித்தல்தான். ஆயினும் இலையைத் தின்று வாழும் அவ்வண்டு தன் இயல்பான உணவையே உண்கிறது என்பதால், களைக்கொல்லி நஞ்சைவிட இம்முறையை மேலானதாக மதிப்பதில் தவறில்லை. லிட்டர் நீரில் 200 கிராம் சமையல் உப்பைக் கரைத்துத் தெளிக்கும் முறை தரிசு நிலத்துக்கே உரியது. வீட்டுத் தோட்டத்தில் அது மண்ணை உவராக்கி, காக்க வேண்டிய செடிகளுக்கும் கேடாக முடியும்.

ஆகவே வீட்டுத் தோட்டத்தில் இச்செடியைப் பறிப்பது குற்றமன்று. பூத்து விதைக்க விடுவதே குற்றம். மழை பெய்து மண் நெகிழ்ந்திருக்கும்போது, கையுறை அணிந்து, பூக்குமுன் வேரோடு பறித்துவிட வேண்டும். மண்ணில் புதைந்த விதைகள் சில ஆண்டுகள் வரை முளைக்கும் திறனுடன் இருப்பதால், ஒவ்வொரு மழைக்குப் பின்னரும் தோட்டத்தைச் சுற்றிப் பார்ப்பது அவசியம்.