நாலா, ஐந்தா?

ஒரு நாவலில் எந்தச் சொல் எத்தனை தடவை வருகிறது என்று எண்ண, பைத்தான் நிரல்மொழியில் சின்னதாக ஒரு நிரல் எழுதினேன். பட்டியலில் ‘கொடி’ இரண்டு இடத்தில் நின்றது. ஒன்றுக்கு எதிரே 31, இன்னொன்றுக்கு எதிரே 12. கண்ணுக்கு இரண்டும் ஒரே கொடிதான்.

தன்னார்வலர்கள் உதவும் குழு ஒன்றில் கேட்டேன்: “பட்டியலில் இரண்டு வரிகளை ஒன்றாக இணைப்பது எப்படி? அவசரம்.” யாரோ வழி சொன்னார். கொடி ஒன்றானது. மறுநாள் ‘தோழி’ இரண்டாக வந்து நின்றாள். இந்த முறை கோபம்: “பைத்தானில் ஏதோ பிழை இருக்கிறது.” பதிலே வரவில்லை.

நான் முதலில் கேட்ட மாதிரிக் கேட்பதற்கு ‘எக்ஸ்-ஒய் சிக்கல்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சிக்கல் எக்ஸ். அதற்கு ஒய்தான் மருந்து என்று நாமே முடிவுகட்டி, எக்ஸைப் பற்றி மூச்சே விடாமல் ஒய்யைக் கேட்பது. நான் ஏன் மறைத்தேன்? இத்தனை வருஷம் கணினியோடு கிடப்பவனுக்கு ஒரு சொல்லை எண்ணத் தெரியவில்லை என்று நாலு பேர் முன்னால் சொல்ல வெட்கம். மருத்துவரிடம் வயிற்றுவலியைச் சொல்லாமல் மாத்திரைப் பெயரைக் கேட்கிற அதே வெட்கம்தான்.

நிரலாளர் எரிக் ரேமண்ட் 2001இல் கேள்வி கேட்பது பற்றி எழுதிய வழிகாட்டி பிரபலமானது. ஆனால் அதில் அதட்டல் அதிகம். புதிதாக வருகிறவர் வாசலிலேயே திரும்பிவிடுவார். எனக்குப் பிடித்தது ‘புட்டி’ மென்பொருளை எழுதிய சைமன் டாத்தம் 1999இல் எழுதிய கட்டுரை. என்ன செய்தாய், என்ன எதிர்பார்த்தாய், என்ன நடந்தது என்பதை அப்படியே சொல்; காரணத்தை ஊகித்திருந்தால் அதை ஊகமாகவே சொல் என்கிறார்.

சரி என்று உட்கார்ந்தேன். நாவல் கோப்பைப் பாதியாக வெட்டினேன், கோளாறு இருந்தது. இன்னும் பாதி. கடைசியில் இரண்டே சொற்கள் மிஞ்சின, இரண்டும் கொடி. நீளத்தை அச்சிடச் சொன்னேன். ஒன்று 4, மற்றது 5. ஏனென்று புரியவில்லை. புரியவில்லை என்றே எழுதி, அந்த இரண்டு சொல்லையும் மூன்று வரி நிரலையும் குழுவில் வைத்தேன். அவசரம் என்ற சொல்லை எடுத்துவிட்டேன்.

கால் மணி நேரத்தில் ஒருவரிடமிருந்து பதில். யூனிகோடில் ‘கொ’வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பு, துணைக்கால் என்று இரண்டாகப் பிரித்தும் வைக்கலாம். திரையில் வித்தியாசம் தெரியாது. எண்ணும் முன்பு எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்ற ஒரு வரி போதும், அதையும் எழுதியிருந்தார். வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் எழுதுகிறேன், தட்டச்சுப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கீழே ஒரு குறிப்பு. அவசரம் அவருக்குத்தான் இருந்திருக்கிறது.

நன்றி சொல்லிவிட்டு, என் பழைய இரண்டு கேள்விகளுக்கும் கீழே காரணத்தை எழுதிவைத்தேன். பைத்தானைக் குறை சொன்ன வரியை அழித்துவிடலாமா என்று கை துடித்தது. அழிக்கவில்லை.