ஓர் இசைத்தட்டும் ஒரு தேவாலயமும்

1965ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரத்தின் ஜாஸ் ஒர்க்‌ஷாப் அரங்கில் ஜான் கோல்ட்ரேன் சாக்ஸபோன் வாசித்தார். கேட்க வந்திருந்தவர்களில் பிரான்சோ கிங், மரீனா கிங் என்ற இளம் தம்பதியும் இருந்தார்கள். அன்று தங்களுக்குக் கிடைத்தது ஒலியாலான ஞானஸ்நானம் என்று பின்னாளில் இருவரும் சொன்னார்கள். அதற்குப் பிறகு அவர்கள் செய்தது எந்த இசை ரசிகரும் செய்யக்கூடியதுதான்: நண்பர்களை அழைத்து உட்காரவைத்து இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டினார்கள். சேர்ந்து கேட்கும் அந்தக் கூட்டம் சில ஆண்டுகளில் வழிபாடாக மாறியது. இன்று புனித ஜான் கோல்ட்ரேன் தேவாலயம் என்று உலகம் அறிந்திருப்பது அப்படி வளர்ந்ததுதான்.

“இப்போதெல்லாம் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன், நீயும் கேட்டுப் பார்.” ரசிகர்கள் அன்றாடம் சொல்லும் இந்தப் பேச்சுக்குப் பின்னால் ஒரு பழைய கேள்வி நிற்கிறது. காது நிறையக் கேட்டாயிற்று, மனமும் நிறைந்துவிட்டது. பிறகும் இன்னொருவரைத் தேடிப்போவது எதற்காக?

கிங் தம்பதி கொண்டாடிய ‘எ லவ் சுப்ரீம்’ ஆல்பத்தை எடுத்துக்கொள்ளலாம். 1964 டிசம்பர் 9ஆம் தேதி நியூ ஜெர்சியில், ரூடி வான் கெல்டரின் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதிவானது. மறு ஆண்டு வெளிவந்தது. பியானோவில் மெக்காய் டைனர், பேஸில் ஜிம்மி கேரிசன், டிரம்ஸில் எல்வின் ஜோன்ஸ். நான்கு பகுதிகளும் சேர்ந்து அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். முதல் பகுதியில் நான்கே சுரங்களில் அமைந்த சிறு சங்கதி ஒன்றைப் பேஸ் எடுத்துக் கொடுக்கிறது. கோல்ட்ரேன் பின்னர் அதைச் சுருதி மாற்றி மாற்றி, பன்னிரண்டு சுருதிகளிலும் வாசித்துப் பார்க்கிறார். பிறகு சாக்ஸபோனை விட்டுவிட்டு, ஆல்பத்தின் பெயரையே அந்தச் சங்கதியில் வைத்துக் குரலால் திரும்பத் திரும்ப ஜபிக்கிறார். கடைசிப் பகுதி இன்னும் விசேஷமானது. அவர் எழுதி உறையில் அச்சான பிரார்த்தனையை அசை அசையாகச் சாக்ஸபோனிலேயே ஓதுகிறார். உறையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பவர் விரலை வரிகளின் மேல் ஓட்டியபடியே அந்த வாசிப்பைப் பின்தொடரலாம்.

அதே உறையில் கேட்பவருக்கு அவர் எழுதிய கடிதமும் இருக்கிறது. 1957இல் இறையருளால் தமக்கு ஓர் ஆன்மிக விழிப்பு ஏற்பட்டதாகவும், இசையால் மற்றவர்களை மகிழ்விக்கும் பேறு வேண்டும் என்று அப்போதே கேட்டுக்கொண்டதாகவும் அதில் சொல்கிறார். ஹெராயின் பழக்கத்திலிருந்து அவர் மீண்ட ஆண்டு அது. மீண்டு வந்தவர் முதலில் வேண்டிக்கொண்டது பகிர்வதற்கான வழியை. தான் பெற்ற இன்பத்தை உலகமும் பெறட்டும் என்ற திருமூலரின் விருப்பத்தோடு வளர்ந்த தமிழ் வாசகருக்கு இந்த வேண்டுதல் அந்நியமாகத் தோன்றாது.

இந்த உந்துதலைத் தர்க்கத்தால் அணுகியவர் இம்மானுவேல் கான்ட். கேனரித் தீவு ஒயின் இனிமையானது என்று ஒருவர் சொன்னால், ‘எனக்கு’ என்று சேர்த்துச் சொல்லும்படி அவரைத் திருத்தலாம். அவரும் ஒப்புக்கொள்வார் என்கிறார் கான்ட், 1790இல் வெளியான தம் நூலில். ஒன்றை அழகானது என்று சொல்லும்போது நிலைமை வேறு. அப்போது நாம் எல்லோருக்காகவும் பேசுகிறோம், மற்றவர்களும் இசைய வேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். அதை நிரூபிக்க வழியே இல்லை. எதிர்பார்ப்பு மட்டும் விடுவதில்லை. ஒரு பாட்டைப் போட்டுவிட்டு, பிடித்த இடம் வரும்போது நண்பரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் ரசிகருக்கு இந்தத் தவிப்பு நன்றாகத் தெரியும்.

இசையைப் பற்றி கான்டுக்கு மனக்குறையும் உண்டு. வேண்டாதவர் காதிலும் போய் விழுகிறது, அக்கம்பக்கத்தாரின் சுதந்திரத்தில் தலையிடுகிறது என்று அதே நூலில் சொல்கிறார். வாசனைத் தைலம் தடவிய கைக்குட்டையைச் சபையில் எடுப்பவரை அதற்கு உவமை காட்டுகிறார். கோனிக்ஸ்பெர்கில் அவர் வீட்டருகே இருந்த சிறையில் கைதிகள் உரக்கத் துதிப்பாடல் பாடுவதைப் பற்றி 1784இல் நகர அதிகாரியிடம் முறையிட்டவர் அவர். இதிலும் நியாயம் அவர் பக்கம்தான். காதில் திணிக்கப்பட்ட இசை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் பகிர்வு ஆகாது. ஆனால் சேர்ந்து கேட்கும்போது கேட்பதே மாறிவிடுகிறது என்பதற்கு அவரிடம் விளக்கம் இல்லை.

அந்த விளக்கம் காஷ்மீரத்தின் அபிநவகுப்தரிடம் கிடைக்கிறது. சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன் எழுதிய ‘தந்திராலோகம்’ நூலில் ஆடல் பாடல் நிகழும் சபையைப் பற்றிப் பேசுகிறார். உடல்கள் வேறுபட்டிருப்பதால் சுருங்கிக் கிடக்கும் உணர்வு, எல்லோரும் ஒன்றில் லயிக்கும்போது ஒருவருக்குள் ஒருவர் பிரதிபலித்து விரிகிறது என்பது அவர் கருத்து. தனியாகப் பலமுறை கேட்ட ஆல்பம் நண்பர் பக்கத்தில் இருக்கும்போது புதிதாய்க் கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் சொல்வது கடினம். அவர் ஒரு நிபந்தனையும் விதிக்கிறார்: லயிக்காத ஒருவர் நடுவில் இருந்தால் அந்த விரிவு தடைப்படும்; சடங்குச் சபையில் அப்படிப்பட்டவரைச் சேர்க்கக் கூடாது.

புனித அகஸ்டின் அஞ்சியது லயிப்பையே. பாடப்படும் பொருளைவிடப் பாட்டு தம்மை அதிகமாக அசைத்துவிட்டால் அது பாவம் என்று தம் ‘ஒப்புதல் வாக்குமூலங்கள்’ நூலில் எழுதினார். தேவாலயத்தில் பாட்டுக் கேட்டுத் தாம் விட்ட கண்ணீரையும் அவரால் மறக்க முடியவில்லை. கடைசியில், தயக்கத்தோடு, பாட்டு இருக்கட்டும் என்ற பக்கமே சாய்ந்தார்.

அவர் அஞ்சியது கிங் தம்பதிக்கு நடந்தே விட்டது. ஒரு காலத்தில் அவர்கள் கோல்ட்ரேனைக் கடவுளாகவே வணங்கினார்கள். கோல்ட்ரேன் 1967இல், 40 வயதில் காலமாகியிருந்தார். அவர் மனைவி ஆலிஸ், வேதாந்த மார்க்கத்தில் துரியசங்கீதானந்தா என்ற பெயரோடு வாழ்ந்தவர், கணவரின் பெயரைப் பயன்படுத்தியதற்காக 1981இல் இவர்கள்மீது வழக்குத் தொடர்ந்தார். அடுத்த ஆண்டு ஆப்பிரிக்க ஆர்த்தடாக்ஸ் திருச்சபை இவர்களைச் சேர்த்துக்கொள்ள முன்வந்தபோது, கோல்ட்ரேனைக் கடவுள் நிலையிலிருந்து இறக்கிப் புனிதராக வைக்க வேண்டியிருந்தது. ஒப்புக்கொண்டார்கள். சரியான முடிவு அது. கோல்ட்ரேனின் கடிதமே புகழையெல்லாம் இறைவனுக்குத்தான் செலுத்துகிறது.

வாடகை ஏறியதால் 2000ஆம் ஆண்டு டிவிசடேரோ தெருவிலிருந்த இடத்தை அந்தத் தேவாலயம் காலி செய்ய நேர்ந்தது. அதற்குப் பிறகும் இடம் மாறி மாறி வழிபாடு தொடர்ந்தது. கோல்ட்ரேனின் இசையையே வாத்தியங்களில் வாசித்து ஆராதனை நடத்துகிறார்கள். நம்பிக்கை உள்ளவர்களோடு, வெளிநாடுகளிலிருந்து வரும் வெறும் ஜாஸ் ரசிகர்களும் வேடிக்கை பார்க்க வருபவர்களும் உட்கார்ந்து கேட்கிறார்கள். அபிநவகுப்தரின் விதிப்படி அவர்களில் பலரைச் சேர்த்திருக்கக் கூடாது. ஆனால் 1965இல் ஜாஸ் ஒர்க்‌ஷாப்புக்குப் போன கிங் தம்பதியும் டிக்கெட் வாங்கிக்கொண்டு இசை கேட்கப் போனவர்கள்தானே. லயிப்பு வந்துவிட்டதா என்று வாசலிலேயே கேட்டிருந்தால் அவர்களும் உள்ளே போயிருக்க முடியாது.