பார்த்திராத நட்சத்திரம்

அர்ச்சனைத் தட்டை நீட்டியதும் குருக்கள் கேட்பது பெயர், கோத்திரம், நட்சத்திரம். கோத்திரத்துக்குத் தடுமாறுகிறவர்கூட நட்சத்திரத்தைச் சட்டென்று சொல்லிவிடுவார். ரோகிணி, மகம், கேட்டை என்று வீட்டில் எல்லாருடைய நட்சத்திரமும் நமக்கு மனப்பாடம். அது வானத்தில் எந்தப் பக்கம் இருக்கிறது, என்ன நிறம், எந்த மாதத்தில் தெரியும் என்று கேட்டால் மட்டும் ஒருவருக்கும் தெரியாது. கல்யாணத்தில் அருந்ததி பார்க்கச் சொல்கிறார்கள். பெரும்பாலும் காலை முகூர்த்தம்தான். வெயிலில் புரோகிதர் கையைக் காட்ட, மணமக்கள் தலையாட்ட, போட்டோ எடுத்து முடிந்துவிடுகிறது.

பார்க்காத ஒன்றின் பெயரைச் சொல்லி வணங்குவதால் யாருக்கும் நஷ்டமில்லை. அதே பெயரைச் சொல்லி இன்னொருவர் வாழ்க்கையில் கை வைக்கும்போதுதான் வினை.

என் பெரியம்மா மகளுக்கு மூல நட்சத்திரம். ‘ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்’ என்ற பழமொழி அவள் பிறந்த நாளிலேயே வீட்டுக்குள் வந்துவிட்டது. மாமனாருக்கு ஆகாது என்று ஒவ்வொரு வரனாகத் தட்டிப்போனது. கடைசியில் மாமனார் இல்லாத வீடாகத் தேடிக் கட்டிக்கொடுத்தார்கள். ஒரு மனிதர் முன்பே இறந்துபோயிருந்தது அந்தச் சம்பந்தத்தின் முதல் தகுதியாக இருந்தது. அதை யாரும் விபரீதமாக நினைக்கவில்லை.

கோடை விடுமுறையில் என் மகளைக் கோட்டூர்புரத்தில் இருக்கும் பிர்லா கோளரங்கத்துக்கு அழைத்துப்போனபோது அந்த அக்காவும் கூட வந்தாள். 1988 முதல் இயங்கும் இடம். பள்ளிப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். சாய்ந்த நாற்காலியில் அண்ணாந்து உட்கார்ந்தால், தலைக்கு மேலே வெள்ளைக் கவிகை மெல்ல இருட்டும். பிள்ளைகளின் சத்தம் அடங்கும். நகரத்தின் வெளிச்சத்தில் பத்து இருபது விண்மீன்களுக்கு மேல் பார்த்திராத கண்ணுக்கு அங்கே தெரியும் கூட்டம் முதலில் நம்பமுடியாததாக இருக்கும்.

அம்புக்குறி தெற்கே நகர்ந்து தேளைக் காட்டியது. அதன் நெஞ்சில் சிவந்து நின்றது கேட்டை. அதைச் சூரியன் இருக்கும் இடத்தில் வைத்தால் செவ்வாயின் பாதையையும் தாண்டிப் பரவும். அதன் ஒளி நம்மிடம் வந்துசேரச் சுமார் 550 ஆண்டு ஆகிறது. தேளின் உடல் வளைந்து, கொக்கிபோல் சுருண்ட வால்நுனியில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஒளிப்புள்ளிகள். அந்தக் கொடுக்குப் பகுதிதான் மூலம். நம் பால்வீதியின் மையமும் சுமார் 26,000 ஒளியாண்டுத் தொலைவில் அந்தத் திசைக்கு அருகில்தான் இருக்கிறது.

“இதுவா?” என்றாள் அக்கா இருட்டில். கொஞ்ச நேரம் கழித்து, “நல்லாத்தானே இருக்கு” என்றாள்.

ஜன்ம நட்சத்திரம் என்பதன் கணக்கு எளிமையானது. நிலா வானத்தை ஒருமுறை சுற்றிவர 27.3 நாள் ஆகிறது. அந்தப் பாதையை 27 பங்காக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு நட்சத்திரத்தின் பெயரை வைத்தார்கள். நாம் பிறந்த நேரத்தில் நிலா எந்தப் பங்கில் நின்றதோ அது நம் நட்சத்திரம். ஒரு பங்கைக் கடக்க நிலாவுக்கு ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். அந்த ஒரு நாளில் உலகத்தில் சுமார் 3.5 லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பெண்கள். அத்தனை பேருக்கும் வாய்க்கப்போகும் மாமனார்களை நினைத்துப் பார்த்தாலே பழமொழி ஆட்டம் காண்கிறது.

இந்தக் கணக்கைப் போட்டவர்கள் இரவு இரவாக வானத்தைப் பார்த்தவர்கள். நிலா நேற்று எங்கே நின்றது, இன்று எங்கே நிற்கிறது என்று தலைமுறைகளாகக் கவனித்தவர்கள். நமக்கு வந்துசேர்ந்தது அவர்களுடைய அட்டவணை. அவர்களுடைய பழக்கம் வந்துசேரவில்லை. பார்ப்பது நின்றுபோன இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. சாதி, ஊர், வியாதி என்று நாம் அஞ்சி ஒதுக்குகிற பலவும் இப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கிட்டே போய்ப் பார்த்த யாரோ ஒருவரின் அறிவாகத் தொடங்காதவைகூட, பார்க்காத பலரின் தீர்ப்பாக முடிந்துவிடுகின்றன.

வானத்தைத் தொலைத்தது நாம் மட்டுமல்ல. செயற்கை வெளிச்சத்தால் மனிதரில் மூன்றில் ஒருவருக்குப் பால்வீதி தெரிவதில்லை என்று 2016இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. செயற்கை வெளிச்சத்தால் மனிதரில் மூன்றில் ஒருவருக்குப் பால்வீதி தெரிவதில்லை என்று 2016இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. பொய் வானத்தில் பார்த்துப் பழகித்தான் மெய் வானத்துக்குப் போகவேண்டிய காலம் இது.

அக்கா இப்போது மகனுக்குப் பெண் பார்க்கிறாள். போன மாதம் தரகர் ஒரு ஜாதகத்தை எடுத்து, “நல்ல இடம். பொண்ணுக்கு மூலம், அதான்...” என்று இழுத்தார். மாமனார் ஆகப்போகிற அத்தான் பக்கத்தில்தான் இருந்தார். “எனக்கு ஒண்ணும் ஆகாது, குடுங்க” என்று கையை நீட்டினார். கோளரங்கம்தான் இதைச் செய்தது என்று சொல்லமாட்டேன்; அவர் அங்கே வரவேயில்லை. முப்பது வருஷமாக ஒரு மூல நட்சத்திரக்காரியைக் கிட்டத்தில் இருந்து பார்த்தவர் அவர். அதுவும் பார்த்தறிந்ததுதான்.