அச்சத்தின் பக்கத்தில் இன்னொரு நினைவு

உயரத்துக்கு அஞ்சுபவரிடம் "பயப்படாதே" என்று சொல்லிப் பயனில்லை. பயப்பட ஒன்றுமில்லை என்பது அவருக்கே தெரியும். பால்கனிக் கைப்பிடிச் சுவர் உறுதியாக இருக்கிறது, யாரும் தள்ளப்போவதில்லை. எல்லாம் தெரிந்தும் உள்ளங்கை வேர்க்கிறது, முழங்கால் தளர்கிறது. அறிவு சொல்வது உடம்பின் காதில் விழுவதில்லை.

*

1770இல் சட்டம் படிக்க ஸ்ட்ராஸ்பூர் போன இளம் ஜெர்மன் கவிஞர் கதேக்கு உயரம் என்றால் தலைசுற்றும். அங்குள்ள பேராலயக் கோபுரத்தின் உச்சியை ஒட்டிய ஒரு சின்ன மேடையில் தனியாகப் போய் நின்றார். உயரம் பொருட்டில்லாமல் போகும்வரை திரும்பத் திரும்ப ஏறினார். தன்வரலாற்றிலேயே இதை எழுதியிருக்கிறார். அஞ்சும் இடத்தில் நின்று, எதுவும் நேரவில்லை என்று உடம்பை உணரவிடுவது: இன்றைய சிகிச்சைக்கும் அடிப்படை இதுதான்.

*

எல்லோராலும் கோபுரம் ஏற முடியாது. 1995இல் அட்லாண்டாவில் பார்பரா ராத்பாம், லாரி ஹாட்ஜஸ் குழுவினர் கோபுரத்தைக் கணினிக்குள் கொண்டுவந்தார்கள். கண்ணாடி லிஃப்ட், தண்ணீருக்கு மேல் நடைபாலம், பால்கனி. 2018இல் ஆக்ஸ்ஃபோர்டில் டேனியல் ஃப்ரீமன் குழு 100 பேரை வைத்து நடத்திய ஆய்வில், இப்படிப்பட்ட மெய்நிகர் (வி.ஆர்.) சிகிச்சை பெற்றவர்களின் அச்சம் சராசரியாக 68 விழுக்காடு குறைந்தது. அவர்களை வழிநடத்தியவர், திரைக்குள் தோன்றும் ஒரு பயிற்றுநர்.

வி.ஆர். கண்ணாடி அணிந்தவரின் பாதங்களைக் கவனிக்க வேண்டும். நிற்பது சமதளத் தரை. அது பாதத்துக்கும் தெரியும். ஆனாலும் கண்ணுக்குள் பள்ளம் திறந்ததும் கால்விரல்கள் மடங்கித் தரையைப் பற்றுகின்றன. பொய்யான உயரம் மெய்யான நடுக்கத்தைத் தருவதால்தான் மெய்யான நிதானத்தையும் கற்றுத் தர முடிகிறது.

*

இந்தச் சிகிச்சையால் பழைய அச்சம் அழிவதில்லை. இங்கே நின்றேன், விழவில்லை என்ற புதிய நினைவு அதன் பக்கத்தில் உருவாகிறது. மூளையில் அச்சத்தை எழுப்பும் அமிக்டலா அபாயம் என்று கூவும்போது, நெற்றிக்குப் பின்னால் நடுக்கோட்டில் உள்ள மூளைப் பகுதி இந்தப் புதிய நினைவைக் கொண்டு அதை அமர்த்துகிறது. அமிக்டலா ஆழத்தில் இருக்கிறது. மூளையைத் தூண்ட வெளியிலிருந்து செலுத்தும் காந்தத் துடிப்பு அவ்வளவு தூரம் போகாது. நெற்றிப்பகுதியை எட்டுவது எளிது.

*

ஜெர்மனியின் வூர்ஸ்பர்க்கில் நடந்து 2017இல் வெளியான ஆய்வு இந்த வழியைத்தான் பிடித்தது. உயர அச்சம் உள்ள 39 பேர். வி.ஆர். பயிற்சிக்கு முன் ஒரு பிரிவினருக்கு நெற்றியில் காந்தச் சுருளை வைத்து, நொடிக்கு 10 துடிப்பு என்ற கணக்கில் தூண்டினார்கள். டக் டக்கென்று ஓசை, தோலில் விரலால் சுண்டுவது போன்ற உணர்வு. இன்னொரு பிரிவினருக்குப் பெயரளவுக்கான தூண்டல் மட்டும். இரண்டே அமர்வுகள். முடிவில் உண்மையான தூண்டல் பெற்றவர்களுக்கு அச்சம் கூடுதலாகக் குறைந்திருந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது அந்த வேறுபாடு இல்லை. மற்றவர்களும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார்கள்.

*

இந்த முடிவைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். கடைசியில் எல்லோரும் ஒரே இடத்துக்கு வருவதென்றால் காந்தம் எதற்கு என்று கேட்கலாம். அச்சத்தை எதிர்கொள்ளும் சிகிச்சையில் மிகக் கடினம் தொடக்கம்தான். முதல் அமர்விலேயே போதுமென்று எழுந்து போகிறவர்கள் உண்டு. பலன் சீக்கிரம் தெரிந்தால் அவர்களில் சிலர் அடுத்த அமர்வுக்கு வரக்கூடும். 39 பேர் சிறு கூட்டம். பெரிய ஆய்வுகள் வந்துதான் இது உறுதிப்பட வேண்டும். ஆனாலும் இந்தத் திசை எனக்குப் பிடித்திருக்கிறது. விளிம்புவரை நடந்து வரும் வேலையை எந்தக் கருவியும் நோயாளியிடமிருந்து பறிக்கவில்லை. காந்தம் செய்வது, அவர் நடந்ததன் பலனை உடம்பு விரைவாக ஏற்க உதவுவது மட்டும்தான். துணிவு அவருடையது. அந்தத் துணிவு வீணாகாமல் பார்த்துக்கொள்வதை மருத்துவத்தின் முதல் கடமைகளில் ஒன்றாகவே நினைக்கிறேன்.