வெற்றி சமத்துவத்தின் சான்றாகுமா?

ஜெஸ்ஸி ஓவன்சின் கதையை மாணவர்க்குச் சொல்லும்போது நாம் பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறோம். 1936 ஆம் ஆண்டு பேர்லின் ஒலிம்பிக் விழாவிலே கறுப்பினத்து அமெரிக்க வீரர் ஒருவர் நான்கு தங்கப் பதக்கங்களை வென்று, ஆரிய இனமே உயர்ந்த இனமெனக் கொக்கரித்த ஹிட்லரின் முகத்திற் கரி பூசினார் என்பதே அவ்வாக்கியம். கேட்பதற்கு இனிமையான கதை. நாமும் அதனை உவகையோடு சொல்லிவந்துள்ளோம். ஆயினும் அதனுள்ளே ஒரு வினா மறைந்து கிடக்கின்றது. மனிதர் யாவரும் சமம் என்பதை ஓட்டப் பந்தயத்தில் வென்றுதான் நிலைநாட்ட வேண்டுமா? அவ்வாறு நிலைநாட்டப்படும் சமத்துவம் யாருக்குரியது?

அலபாமா மாநிலத்திலே, ஓக்வில் என்ற சிற்றூரில், 1913 இல் ஓவன்ஸ் பிறந்தார். அவருடைய பாட்டன்மார் அடிமைகளாயிருந்தவர்கள். தந்தையார் பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிர்செய்து பத்துப் பிள்ளைகளை வளர்த்தவர். அவர்களுள் கடைசிப் பிள்ளை ஓவன்ஸ். பிழைப்புத் தேடிக் குடும்பம் வடக்கே கிளீவ்லாந்து நகருக்குப் பெயர்ந்தது. பாடசாலை விட்டதும் வேலைக்குப் போகவேண்டியிருந்த அச்சிறுவனுக்கு, சாள்ஸ் ரைலி என்ற பயிற்றுநர் பாடசாலை தொடங்குமுன் காலை வேளையிலே பயிற்சியளித்தார். பின்னர் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்தபோது புலமைப்பரிசில் கிடைக்கவில்லை. மின்தூக்கி இயக்கும் வேலை பார்த்தே படித்தார். நிறம் காரணமாகப் பல்கலைக்கழக வளாகத்திற்கு வெளியேதான் தங்க நேர்ந்தது. இந்நிலையிலேதான் 1935 மே 25 ஆம் திகதி, ஆன் ஆர்பர் மைதானத்திலே, முக்கால் மணி நேரத்துக்குள் மூன்று உலக சாதனைகளைப் படைத்து, நான்காவதொன்றைச் சமன்செய்தார். அன்று அவர் நீளம் பாய்தலிற் பாய்ந்த 8.13 மீற்றரை 1960 வரை எவராலும் விஞ்ச முடியவில்லை.

அடுத்த ஆண்டு பேர்லினில் 100 மீற்றரை 10.3 செக்கனிலும், 200 மீற்றரை 20.7 செக்கனிலும் ஓடினார். நீளம் பாய்தலில் 8.06 மீற்றர் பாய்ந்தார். அஞ்சலோட்டத்திலும் தங்கம் பெற்றார். இச்சாதனைகளின் அருமையை நாம் சிறிதும் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், அவை நாசிகளின் இனக் கொள்கையைப் பொய்ப்பித்தன என்று சொல்லுமிடத்துச் சற்றுத் தயங்க வேண்டும். ஹிட்லரின் கட்டடக்கலைஞராயிருந்த அல்பேட் ஸ்பியர் தம் நினைவுக் குறிப்பில் ஒரு செய்தி தருகிறார். காட்டிலிருந்து வந்தவர்களின் வழித்தோன்றல்கள் நாகரிக வெள்ளையரினும் உடல்வலிமை மிக்கவர்களாதலின் இனி அவர்களைப் போட்டியிலிருந்தே விலக்க வேண்டும் என்று ஹிட்லர் கூறினானாம். தோற்றிருந்தால் தாழ்ந்தவன், வென்றதனால் விலங்கு. இனவெறியனின் தராசு, பொருளுக்கேற்பப் படிக்கல்லை மாற்றிக்கொள்ளும் தராசு.

வேறொன்றையும் நினைவிற் கொள்ளல் வேண்டும். அவ்விழாவில் மிகுதியான பதக்கங்களை வென்ற நாடு ஜேர்மனியே. அதற்கு 33 தங்கம், அமெரிக்காவுக்கு 24. பதக்கந்தான் சான்றெனில், அத்தீர்ப்பு ஹிட்லரின் பக்கமன்றோ சாயும்? அந்த நான்காவது தங்கத்தின் கதையும் மனத்தை உறுத்துவது. அமெரிக்க மெய்வல்லுநர் அணியில் யூதர்களாயிருந்தவர் மார்ட்டி கிளிக்மன், சாம் ஸ்டோலர் என்னும் இருவரே. அஞ்சலோட்டத்திற்கெனப் பயிற்சி பெற்றிருந்த அவ்விருவரும், போட்டி நாட்காலையில் நீக்கப்பட்டனர். அவர்களிடத்தில் ஓவன்சும் ரல்ஃப் மெட்காவும் ஓடினர். தமக்கு மூன்று பதக்கங்கள் போதும், அவர்களே ஓடட்டும் என்று ஓவன்ஸ் மறுத்துரைத்ததாகவும், சொன்னதைச் செய்யுமாறு பயிற்றுநர் அவரை அடக்கியதாகவும் கிளிக்மன் பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

இனி, ஓவன்ஸ் பிறந்த மாநிலத்துக்குத் திரும்புவோம். பேர்லினில் அவர் ஓடிய அதே வேளையில், அலபாமாச் சிறையிலே ஒன்பது கறுப்பின இளைஞர் வாடிக்கொண்டிருந்தனர். 1931 இல், செய்யாத குற்றத்துக்காகப் பிடிபட்டு, ஸ்கொட்ஸ்பரோ நகரில் விசாரிக்கப்பட்டவர்கள் அவர்கள். முழுவதும் வெள்ளையர் கொண்ட ஜூரியின் முன்னிலையில், எண்மருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. இரு பெண்களின் குற்றச்சாட்டே வழக்கின் அடிப்படை. அவர்களுள் ஒருத்தி 1933 இல் அது பொய்யென நீதிமன்றத்திலேயே ஒப்புக்கொண்டாள். அவ்வாறிருந்தும் விடுதலை வரவில்லை. அந்த ஒன்பதின்மரும் 100 மீற்றரை 10.3 செக்கனில் ஓட வல்லவரல்லர். அவர்கள் ஏழைகள், கல்வி வாய்ப்பற்றவர்கள், வேலை தேடிச் சரக்கு ரயிலேறியவர்கள். ஓவன்சின் வெற்றி சமத்துவத்தின் சான்றெனின், சான்று காட்ட இயலாத இவர்களின் கதி யாது? சமத்துவம் என்ற சொல்லுக்குப் பொருளிருக்குமானால், அது முதன்மையாக இவர்களுக்கே உரியதாதல் வேண்டும். வெல்பவனுக்கு மட்டும் கிடைப்பது பரிசு. அதனை உரிமை எனல் தகாது.

வென்றவருக்கேனும் அது கிடைத்ததா? நாடு திரும்பிய ஓவன்சுக்கு நியூயோர்க் நகரம் ஊர்வலம் நடத்தியது. ஆனால், வோல்டோர்ப் அஸ்டோரியா விடுதியில் அவருக்கே எடுத்த வரவேற்புக்கு, சாமான் ஏற்றும் மின்தூக்கியிலேதான் அவர் செல்ல நேர்ந்தது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வெள்ளை மாளிகைக்கு அழைக்கவுமில்லை. வாழ்த்துத் தந்தி அனுப்பவுமில்லை. நிதி திரட்டும் காட்சிப் போட்டிகளுக்குத் தொடர்ந்து செல்ல மறுத்தாரென்று விளையாட்டுச் சங்கம் அவரை விலக்கிவைத்தது. அவ்வாண்டு டிசெம்பரிலே, ஹவானாவில், அவர் குதிரையொன்றுடன் பந்தயம் ஓடினார். நான்கு தங்கப் பதக்கங்களைக் கொண்டு சோறு சமைக்க இயலாதென்பதே அதற்கு அவர் கூறிய சமாதானம். தொடங்கிய சலவைத் தொழிலும் நொடித்து, 1939 இல் அவர் வங்குரோத்தானார்.

1955 இல் அமெரிக்க அரசு அவரை நல்லெண்ணத் தூதராக இந்தியா முதலிய ஆசிய நாடுகளுக்கு அனுப்பியது. தன் நாட்டிற் கறுப்பு மக்கள் உயர்வடைவதற்கு அவரே எடுத்துக்காட்டு என்பது அரசின் எண்ணம். அதே ஆண்டு டிசெம்பரில், அலபாமாவின் மொன்ட்கொமறி நகரிலே, பஸ்ஸில் வெள்ளையருக்கு ஆசனத்தை விட்டுக்கொடுக்க மறுத்த ரோசா பார்க்ஸ் கைதுசெய்யப்பட்டார். அந்நகரின் கறுப்பு மக்கள் 381 நாட்கள் பஸ் ஏறாது இருந்தனர். வீட்டுப் பணிப்பெண்களும் கூலியாட்களும் நாள்தோறும் மைற்கணக்கில் நடந்தனர். 1956 இன் இறுதியிலே அந்நகரப் பஸ்களில் நிறப்பிரிவினை ஒழிந்தது. உலகில் அதிவிரைவாக ஓடியவரால் பெற்றுத்தர முடியாததொன்றை, மெல்ல நடந்த மக்கள் பெற்றனர். ஏனெனில், அவர்கள் எவரிடமும் தம் தகுதியை நிரூபிக்க முற்படவில்லை. தமக்குரியதைத் தருமாறு கேட்டனர். சான்று கேட்பவன் நீதிபதியாகி விடுகிறான்; சான்று தருபவன் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறான். மொன்ட்கொமறி மக்கள் அக்கூண்டில் ஏற மறுத்தனர் எனலாம்.

அங்ஙனமாயின் ஓவன்சின் வெற்றி வீணானதா என்று சிலர் வினவக்கூடும். அன்று. அடக்கப்பட்ட மக்கள் தம்முள் ஒருவனின் திறமை கண்டு நிமிர்வது பெரும்பேறு. அந்நிமிர்வு போராட்டத்துக்கும் உரமாகும். தீங்கு விளைவது, அதனை ஏனையோருக்கு அளவுகோலாக்கும்போதுதான். அத்தீங்கிற்கு ஓவன்சே ஒருகால் ஆளானார். 1968 இல் மெக்சிக்கோவில், 200 மீற்றர் பரிசு மேடையிலே டொமி ஸ்மித்தும் ஜோன் கார்லோசும் கையுறையணிந்த முட்டியை உயர்த்தியபோது, அவர் அச்செயலை ஏற்கவில்லை. 1970 இல் எழுதிய நூலிலே, கறுப்பு மனிதன் முன்னேறாவிடின் அது அவனே தெரிந்துகொண்ட தோல்வி என்றார். தான் வென்றபடியால் எவரும் வெல்லலாம் என்ற அந்த நியாயம் எத்தனை கொடிது! ஆயினும், 1972 இல் வெளியிட்ட மற்றொரு நூலில், தாம் மாறிவிட்டதாகத் தலைப்பிலேயே அறிவித்து அக்கருத்தைத் திருத்திக்கொண்டார். பேர்லினில் ஓடிய ஓட்டத்தினும் இது கடினமானதென்றே எமக்குத் தோன்றுகின்றது.

1980 இல் ஓவன்ஸ் மறைந்தார். அவர் கதையை மாணவர்க்குச் சொல்வதை நாம் நிறுத்த வேண்டியதில்லை. ஆனால், ஸ்கொட்ஸ்பரோ இளைஞரின் கதையையும் அதனோடு சேர்த்துச் சொல்வோம். கேட்டிருக்கும் வகுப்பிலே முதலாவதாக வரும் பிள்ளை ஒன்றே. ஏனையோரும் அங்கேதான் அமர்ந்திருக்கின்றனர்.